வெள்ளைத் தாளும் சீன வட்டமும்

இன்று காலை எங்கள் ஆபீஸில் ஃபேக்ஸ் மெஷினைத் தூக்கிப் போட்டார்கள். துபாய் தேராவில் இந்தக் கட்டடத்துக்கு நான் வந்த நாளிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சனியன் அது. வியாபாரம் படுத்து, ஊரே கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கம்பெனியும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மீதிப் பேர் ஒரே அறைக்குள் அடைந்துகொள்ள வேண்டும், பழையதெல்லாம் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. என் அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன். ஃபேக்ஸ் சுருள் தாளுக்கென்று ஒரு வாடை உண்டே, இஸ்திரிப் பெட்டி சூட்டில் மருந்து கலந்த மாதிரி, அது குப்பென்று முகத்தில் அடித்தது. நாற்பது, ஐம்பது தாள் இருக்கும். அத்தனையும் வெள்ளை. ஒன்றிலும் ஓர் எழுத்து மிச்சமில்லை.

அதில் ஒன்று நீ அனுப்பியது. எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மற்றதையெல்லாம் கிளிப் போட்டு வைத்திருந்தேன். உன்னுடையதை மட்டும் நான்காக மடித்து, அடியில், ஒரு பழைய டைரிக்குக் கீழே தள்ளியிருந்தேன். அதைப் பிரித்து மேஜையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. செத்தவனுக்குக் கடுதாசி எழுதுகிற ரகம் இல்லை நான். உயிரோடு இருந்து நீ கேட்டபோதே பதில் போடாதவன். அதனால் இதைப் பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துவிடாதே. உனக்கு அந்தப் புத்தி உண்டு. யார் எதைச் செய்தாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வாய். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மஸ்கட் ரூவியில் நாம் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கம்பெனியில், ஒரே வேலையில் இருந்தோம். டாகுமென்ட் கன்ட்ரோலர் என்று பேர் மட்டும் பெரிதாக இருக்கும். சைட்டுக்கு வரும் கம்பி, சிமெண்ட், பைப், போல்ட் எல்லாவற்றுக்கும் ஒரு சான்றிதழ் வரும். அதை வாங்கி, நம்பர் போட்டு, கன்சல்டன்ட் ஆபீசுக்கு அனுப்பி, முத்திரை வாங்கி, ஃபைலில் குத்தி வைப்பது. அவ்வளவுதான். நான் அதைக் கடனே என்று செய்தேன். நீ பூஜை மாதிரி செய்தாய். உன் ஃபைலின் துளைகள்கூட ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஒரு தாள் கோணலாக இருந்தால் உனக்குச் சோறு இறங்காது. "ஏல, பேப்பரப் பாத்துத்தான ஒரு மனுசன் மேல ஏறுதான்? நாம கோணலா வச்சா அவன் கீழ விழுந்துருவாம்ல," என்பாய். அறையில் இருந்த எல்லாரும் சிரிப்போம்.

பிறகு நான் துபாய்க்கு வந்துவிட்டேன். சர்வே கம்பெனி வேலை. எங்கேயாவது சரக்கு கெட்டால், தீப்பிடித்தால், ஏதாவது விழுந்து உடைந்தால், இன்சூரன்ஸ்காரர்கள் எங்களிடம் காகிதத்தைக் கொடுப்பார்கள். அது அசலா, போலியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நீ ஓமானிலேயே சோஹார் போனாய், துறைமுகத்துப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆலையின் சைட்டுக்கு.

அங்கே போன மூன்றாம் மாதம் போன் செய்தாய். "மக்கா, நம்ம கம்ப்யூட்டர் தூசியடிச்சுச் செத்துப் போச்சு. அஸ்திவாரத்துக்குப் பைலிங் போட வந்த சீனாக்காரனுவ விட்டுட்டுப் போன ஒண்ணத் தூக்கித் தந்திருக்கானுவ. தொறந்தா எல்லாம் பூச்சி பூச்சியா ஓடுது. ஒரு வெள்ளிக்கிழம வந்துட்டுப் போல." ஹத்தா எல்லைச் செக்போஸ்ட் தாண்டி வந்தேன். உன் ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர். உள்ளே ஏசி ஓடியும் முதுகு நனைந்தது. கம்ப்யூட்டரின் அடிவயிறு வரைக்கும் சீனம். நாம் இரண்டு பேரும் இடத்தை வைத்தே கண்டுபிடித்தோம். மேலிருந்து ஐந்தாவது வரி சேமிப்பது, ஒன்பதாவது அச்சடிப்பது. நீ வெள்ளை டேப்பில் தமிழில் எழுதி ஸ்கிரீன் ஓரம் முழுக்க ஒட்டினாய். பார்க்க ஊர் டீக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருந்தது.

முதலில் நீதான் அதைப் பார்த்தாய். இதை நான் வேறு எங்கேயும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிரின்டரிலிருந்து வந்த தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ஏல, இங்க பாரேன். இங்கிலீஷ் எழுத்துதான். ஆனா பட்டினி கெடந்த மாதிரி நிக்கு. ஐ எழுத்துக்கும் எம் எழுத்துக்கும் ஒரே அகலம்," என்றாய். பிறகு, "இந்த வட்டத்தப் பாரு. எவ்ளோ பெருசா ஒக்காந்திருக்கு," என்றாய்.

நீ காட்டியது விட்டக் குறி. வட்டத்தின் நடுவே ஒரு கோடு கிழித்திருப்பார்களே, கம்பி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்ல, அது. சீனக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் ஒரு சதுரம். இங்கிலீஷ் எழுத்து அந்தச் சதுரத்தில் பாதியில் ஒடுங்கி நிற்கும். ஆனால் விட்டக் குறி, கூட்டல் கழித்தல் குறி மாதிரியானவற்றை அந்த மெஷின் தன் சொந்த எழுத்தாக நினைத்துக்கொண்டு முழுச் சதுரத்தையும் கொடுத்துவிடும். எழுத்தையெல்லாம் சாதாரண இங்கிலீஷ் எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தோம். எல்லாம் மாறியது. வட்டம் மட்டும் மாறவில்லை. நீ சலித்துக்கொண்டாய், வரிசை கெடுகிறதே என்று. எனக்கோ உள்ளே மணி அடித்தது. ஜெர்மனியில் அடித்தேன், ஜப்பானில் அடித்தேன் என்று எவன் எந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தாலும், இந்த வட்டம் இருந்தால் அது சீனக் கம்ப்யூட்டரில் அடித்தது.

எனக்கு ஒரு மாதிரித் தாள் வேண்டும் என்றேன். நீ உட்கார்ந்து, எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் வரிசையாக அடித்துக் கொடுத்தாய். அடியில், நம் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரியாக அடித்திருந்தாய்: சரியா வருதான்னு பாத்துச் சொல்லு.

அந்தத் தாள்தான் என்னை ஆளாக்கியது. ஒரே வருடத்தில் நான்கு போலிச் சான்றிதழைப் பிடித்தேன். தேராவில் சரக்கு வியாபாரிகள் நடுவில் எனக்குச் 'சீன எழுத்து ஆள்' என்று பேரே வந்துவிட்டது. ரிப்போர்ட் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க உன் தாளின் நகலைச் சேர்ப்பேன். நகல் எடுக்கும்போது கடைசி வரியை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுவேன்.

நீ லீவில் ஊருக்குப் போகும்போது துபாய் வழியாகப் போனாயே, அந்த மதியச் சாப்பாடு நினைவிருக்கிறதா? என் மனைவி அப்போதுதான் ஃபேமிலி விசாவில் வந்திருந்தாள். என் மேனேஜரையும் கூப்பிட்டிருந்தேன், மங்களூர்க்காரர், வாய் நிறையச் சிரிப்பவர், சிரிப்புக்குப் பின்னால் ஒன்றும் வைத்திருக்காதவர். நீ வந்த வேகத்தில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே ஹிந்தியில் எடுத்துவிட்டாய். "பாய், அந்தச் சீன வட்டத்த மொதல்ல பாத்தது நாந்தான். இவன் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிட்டான், அவ்வளவுதான்." மேஜையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். மேனேஜர் உன் தோளில் தட்டி, "அச்சா! தோ அஸ்லி எக்ஸ்பர்ட் யே ஹை!" என்றார். அசல் ஆள் இவன்தானா என்று. அடுத்த ஆறு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அஸ்லி வாலா எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். உண்மையைத்தான் சொன்னாய். ஆனால் அந்தச் சாப்பாடு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அதே மேஜையில்தான் நீ கன்டெய்னர் சூட்டைப் பற்றிப் புலம்பினாய். ஃபேக்ஸில் வரும் தாளெல்லாம் ஒரு கோடை தாண்டுவதற்குள் வெளுத்துப் போய்விடுகிறது, என்ன செய்ய என்றாய். நான் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன்: "வெளுத்தாலும் தூக்கிப் போட்டுராத. ஊதா விளக்கு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ காட்டுனா எழுத்து எந்திரிச்சு வரும்." நீ வாயைப் பிளந்து கேட்டாய். சோஹார் திரும்பி, எல்லா வெள்ளைத் தாளையும் பத்திரப்படுத்த ஆரம்பித்துவிட்டாய். எவன் சொன்னாலும் கேட்பாயா? நான் சொன்னேன் என்பதற்காகக் கேட்டாய்.

உன்னை அழித்த வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அது நம் தொழிலில் எல்லாரும் செய்ததுதான். சான்றிதழின் அசல் கூரியரில் வருகிறது, வருகிறது என்பார்கள், வராது. ஃபேக்ஸ்தான் வரும், அதுவும் பாதி கறுத்து. கன்சல்டன்ட் ஆபீஸில் மங்கலான தாளைத் திருப்பி அனுப்புவார்கள். பேனாவால் ஏதாவது எழுதியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அதனால் நாமே படித்து, அதே மாதிரிப் புதிதாக அடித்து முன்னால் வைத்து, ஃபேக்ஸைப் பின்னால் குத்துவோம். 'மறுபடி அடித்தது' என்று ஒரு வார்த்தை போட வேண்டும். போட்டால் அதற்கும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே மஸ்கட் முதல் குவைத் வரை ஒருவனும் போட்டதில்லை. நானும் ரூவியில் போட்டதில்லை. வித்தியாசம் என்னவென்றால், நான் அடித்தால் நான் அடித்த லட்சணத்தில் இருக்கும். நீ அடித்தால், ஆலையின் பேரை மேலே நடுவில் வைத்து, கட்டம் போட்டு, கோடு போட்டு, அசலைவிட அழகாக்கிவிடுவாய். உன் சுத்தம்தான் உன்னைக் கொன்றது. முட்டாள்.

அந்த வருடம் வெயில் ஏறிய மாதத்தில், உன் சைட்டில் சரக்கு ஏற்றும் தூக்கியின் இரும்புக் கயிறு அறுந்தது. ஆள் ஏறக் கூடாத தூக்கி. ஆனால் படி ஏறினால் நேரமாகிறது என்று ஃபோர்மேன் ஏற்றிவிடுவான். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவன் பீகார். ஒருவன் நம் அறந்தாங்கிப் பக்கம், கல்யாணமாகி ஏழு மாதம். என் ரிப்போர்ட்டில் அவர்கள் பேர் கிடையாது, 'இருவர்' என்றுதான் இருக்கும்.

கயிறு அறுந்தால் முதலில் கேட்பது கயிற்றின் சான்றிதழை. நீ அடித்த அழகான தாளை எடுத்துக் கொடுத்தார்கள். கயிறு செய்ததாக அதில் பேர் இருந்த ஆலைக்கு அனுப்பினார்கள். இது எங்கள் தாள் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் தாள் இல்லைதானே, உன் தாள்! "நான் பாத்து அடிச்சது சார், ஃபேக்ஸ் பின்னாலயே இருக்கு," என்று நீ புரட்டிக் காட்டினாய். பின்னால் வெள்ளைத் தாள் இருந்தது. உன் கம்பெனி மேனேஜர் உன் முகத்தைப் பார்க்காமல், "எங்களுக்குத் தெரியாது, இவனே ஏதோ செய்திருக்கிறான்," என்று சொல்லிவிட்டான். தரமில்லாத சீனக் கயிற்றை உள்ளே விட, சப்ளையரோடு சேர்ந்து நீ போலிச் சான்றிதழ் தயாரித்தாய் என்று கதை கட்ட ஒரு மதியம்கூட ஆகவில்லை. அப்போதுதான் நீ அதைச் சொன்னாயாம். "தேரால என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். இதுல அவன்தான் பெரிய ஆளு. அவன்ட்ட அனுப்புங்க. அவன் பாத்தா சொல்லிருவான்."

நீ சொன்னதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் ஏற்கெனவே எங்கள் வாடிக்கை. மூன்றாம் நாள் ஃபைல் என் மேஜைக்கு வந்துவிட்டது.

ஃபைலுக்கு முன்னால் உன் மனைவியின் போன் வந்தது. ஊரிலிருந்து. பக்கத்தில் உன் மகள் எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது. "அண்ணாச்சி, பேப்பரு உங்கட்டதான் வருதாம்லா? அவுக சொன்னாவ. இனிமே பயமில்ல, அவன் கைக்குப் போயிட்டுன்னு சொல்லிச் சிரிச்சாவ. ரெண்டு நாளாச் சாப்பிடாத மனுசன் நேத்துச் சாப்பிட்டாவளாம்." நான், "பாத்துக்கிடுதேன்மா," என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

பார்த்தேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், டீ போடுகிற, சன்னல் இல்லாத பேன்ட்ரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஊதா விளக்கைப் போட்டு, அந்த வெள்ளைத் தாளைக் கீழே நீட்டினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. தாள் மட்டும் வெளிறி மினுங்கியது. பிறகு ஒவ்வொன்றாக எழுத்து எழுந்தது. ஆலையின் பேர். எந்த உருக்கு என்று சொல்லும் வார்ப்பு எண். விட்டம் பதினாறு மில்லிமீட்டர். எத்தனை டன்னில் அறும் என்ற கணக்கு. சோதித்தவன் கையெழுத்தின் வால். உன் தாளைப் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு, வரி வரியாக ஒப்பிட்டேன். ஓர் எண் பிசகவில்லை. ஒரே வித்தியாசம் வட்டம். அவர்கள் தாளில் அது சின்னதாக, சாதாரணமாக இருந்தது. உன் தாளில் சீனச் சதுரம் நிறைய உட்கார்ந்திருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை எனக்குத் தெரியும். அதை ஓட வைத்ததே நான். அந்த வட்டம் ஏன் அங்கே வந்தது என்று இந்த வளைகுடா முழுவதிலும் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஒருவன் சோஹாரில் மாட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பேன்ட்ரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜரிடம் போனேன். ஃபைல் உன்னுடையது என்றோ, வெள்ளைத் தாள் என்றோ சொல்லவில்லை. "கேட்டதைத் தவிர வேறு ஏதாவது கண்ணில் பட்டால் எழுதலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமல், "ஜித்னா பூச்சா, உத்னா லிக்கோ. பஸ்," என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, போதும் என்று. கேட்டிருந்த கேள்வி, முன்னால் இருந்த தாள் அந்த ஆலையில் அச்சானதா, சீனக் கம்ப்யூட்டரில் அச்சானதா என்பது. நான் எழுதினேன்: சீனக் கம்ப்யூட்டரில் அச்சானது, ஐயமில்லை. ஆதாரம், விட்டக் குறி. ஒப்பீட்டு மாதிரி இணைக்கப்பட்டுள்ளது. நீ அடித்துக் கொடுத்த மாதிரித் தாளின் நகலை, நீ அடித்த சான்றிதழுக்கு எதிராகவே சேர்த்தேன், கடைசி வரியை மறைத்து.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடக் கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று சாதிக்கலாம். இணைப்புகளின் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. அதில் இப்படி எழுதினேன்: வெற்றுத் தாள், ஒன்று.

பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கூட்டாளி என்று தெரிந்தால் ரிப்போர்ட்டைத் தூக்கி எறிவார்கள், வேலை போகும், விசா போகும், நேற்று வந்து இறங்கிய மனைவியைத் திருப்பி அனுப்ப வேண்டும். பொய்யில்லை. ஆனால் பயம் பாதிதான். அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது என் காதில் கேட்டது மீன் குழம்பு மேஜையின் சிரிப்பு. அசல் ஆள் நீ என்றால், நீயே உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று நினைத்தேன். நினைத்தேன் மக்கா. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உன்னைச் சிறையில் வைக்கவில்லை. விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லி, தொழிலாளர்கள் தங்கும் கம்பெனி கேம்ப்பில் விட்டார்கள். டியூட்டி கிடையாது. கம்பெனி பேட்ஜைப் பிடுங்கிவிட்டதால் மெஸ்ஸிலும் உனக்குத் தட்டு கிடையாது. அறையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிடி வைத்தார்கள். அறந்தாங்கிக்காரனின் ஊர் ஆட்கள் அதே கேம்ப்பில் இருந்தார்கள். உன்னைப் பார்த்தால் அவர்கள் காறித் துப்பிவிட்டுப் போவார்கள் என்று கேள்விப்பட்டேன். தாள் கோணலாக இருந்தால் மனிதன் விழுவான் என்ற உன்னை! பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் நீ எனக்கு ஏழு முறை போன் செய்தாய். இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றேன்.

பிறகு இந்த ஃபேக்ஸ். சோஹார் கடைத்தெருவில் ஏதோ ஒரு டைப்பிங் கடையிலிருந்து, கையால் எழுதி அனுப்பியிருந்தாய். மெஷினிலிருந்து சூடாக வந்து விழுந்ததை நின்றபடி படித்தேன். நான்காக மடித்தேன். டைரிக்குக் கீழே தள்ளினேன். ரிப்போர்ட்டைத் திருத்த அன்றைக்கும் எனக்குக் கை இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, உன் ஃபைலின் முழு நகல் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு காலையில் உன் அறைக்காரர்கள் நீ தூங்குகிறாய் என்று நினைத்து டியூட்டிக்குப் போய்விட்டார்கள். வந்து பார்த்தபோது நீ அதே மாதிரிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாயாம். மாரடைப்பு என்று எழுதினார்கள். ஓடியாடிய ஆளுக்கு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேம்ப்பில் எல்லாரும் அப்படித்தான் சாகிறார்கள்.

மஸ்கட் ஏர்போர்ட் கார்கோவுக்கு நான் வந்தேன். வராமல் இருந்தால் நாலு பேர் பேசுவார்கள். உன் பெட்டியின்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேர், ஊர், எடை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தேன். எந்த எழுத்துரு, எந்தக் கம்ப்யூட்டர் என்று. கண் தானாகப் போயிற்று. சாதாரண எழுத்துதான். பார்த்து முடித்த பிறகுதான், உள்ளே இருப்பது நீ என்று உறைத்தது. அப்போதும் அழவில்லை. பக்கத்தில் நின்ற கிளியரிங் ஆள், "யல்லா பாய், ஜல்தி," என்று அவசரப்படுத்தினான். தள்ளி நின்றுகொண்டேன்.

உன் மனைவி அன்று போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணாச்சி, நீங்களும் எவ்வளவோ போராடிப் பாத்துட்டிய. அவுகளுக்கு விதி அவ்வளவுதான்." அவளுக்கு அப்படிச் சொன்னது நீயாகத்தான் இருக்க வேண்டும். கடைசிவரை நான் போராடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறாய். ஏன் அப்படிச் செய்தாய்? ஒரு தடவையாவது என்னை நாயே என்று திட்டியிருக்கலாமே! அதை வைத்துக்கொண்டு நான் உன்னை வெறுத்திருப்பேன். எனக்கு அது ஒன்றைக்கூட நீ கொடுக்கவில்லை.

நீ போய் நான்கு மாதம் கழித்து ஆலையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வார்ப்பு எண்ணைத் தேடிப் பார்த்ததில் கயிறு எங்களுடையதுதான், அளவுகளும் சரி, தாள் மட்டும் எங்களுடையதல்ல என்று. கயிறு நல்ல கயிறு. கிரீஸ் போடாமல், ஆளையும் சரக்கையும் சேர்த்து ஏற்றி ஏற்றி அறுத்திருக்கிறார்கள். மேனேஜரிடம் கொண்டுபோனேன். முதல் வரியைப் படித்தார். "அவன்தான் போய்ட்டானே. கலாஸ்," முடிந்தது என்று ஃபைலை என் பக்கம் தள்ளினார். நானும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கும் இந்த ஊரில் சீன எழுத்து ஆள் நான்தான். பாதிப் பேரை அனுப்பியும் என்னை வைத்துக்கொண்டது அதற்காகத்தான். போன வாரம்கூட ஒரு ரிப்போர்ட் போயிற்று, பின்னால் உன் தாளோடு. நீ போட்ட சோற்றைத்தான் என் வீட்டில் தின்கிறோம்.

மெஷினைக் கொண்டுபோன பிறகு, உன் ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனேன். அதே விளக்கு. கதவைச் சாத்தி, கீழே நீட்டினேன். என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உன் கையெழுத்து எழுந்தது, கோடு போடாத தாளிலும் கோடு போட்ட மாதிரி நேராக.

'ஏல, அந்த வெள்ளத் தாள ஊதா வெளக்குல காட்டுனா எழுத்து வரும்னு நீதான சொன்ன. வேல நெருக்கடில மறந்திருப்ப. ஒருவாட்டி காட்டிப் பாத்துச் சொல்லு. உன் பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.'

மறக்கவில்லை மக்கா. நீ கேட்பதற்குப் பதின்மூன்று மாதம் முன்னாலேயே பார்த்துவிட்டேன். பதினாறு மில்லிமீட்டர். வார்ப்பு எண்ணும் சரி, டன் கணக்கும் சரி. நீ ஓர் எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை.